கிட்டாரின் பைண்டிங் விட்டுப்போனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

அக்கூஸ்டிக் கிட்டாரின் உடலைச் சுற்றி விளிம்பில் ஓடும் வெள்ளை அல்லது தந்த நிறப் பட்டைக்குப் பைண்டிங் என்று பெயர். அதற்கு உட்புறமாக ஓடும் மெல்லிய கோடுகளும் பின்னல் வேலையும் பர்ஃப்ளிங். ஒலித்துளையைச் சுற்றியிருக்கும் வளையம் ரொசெட். இவை எல்லாம் வெறும் அலங்காரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பைண்டிங்கைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். கிட்டாரின் மேற்பலகை மூன்று மில்லிமீட்டர் கனம்கூட வராத மரம். அதன் வெட்டுமுகம் காற்றிலுள்ள ஈரத்தை மற்ற பரப்பைவிட வேகமாக உறிஞ்சும், வேகமாக இழக்கும். அந்த வெட்டுமுகத்தை மூடி வைத்திருப்பது பைண்டிங். கிட்டார் எங்காவது இடித்தால் முதல் அடியை வாங்கிக்கொள்வதும் அதுதான். அதனால் பைண்டிங் ஓரிடத்தில் விட்டிருந்தால் "பார்க்க அசிங்கமாக இருக்கிறது, அவ்வளவுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

அதே சமயம் அவசரப்பட்டுச் சூப்பர் க்ளூவைக் கையில் எடுக்கவும் வேண்டாம். நான் முதலில் சரிசெய்த கிட்டாரில் இடுப்புப் பக்கம், அதாவது உடல் உள்வளையும் இடத்தில், பட்டை விலகியிருந்தது. பசை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பிடித்து ஒட்டினேன். அன்று கச்சிதமாக இருந்தது. மூன்றாவது வாரம் அதே இடம் திறந்துகொண்டது, கூடவே மேற்பலகையிலிருந்து ஒரு சிராயையும் பிய்த்துக்கொண்டு வந்தது. பசையில் குறை இல்லை. பட்டை நீளத்தில் சுருங்கிப் போயிருந்தது, அதை நான் பார்க்கவே இல்லை. இந்த வேலையில் எனக்குத் தெரிந்த முக்கியமான விஷயம் இது ஒன்றுதான்: விரலால் லேசாக அழுத்தி மூடாத இடைவெளியைப் பசையும் மூடாது. கீழே உள்ள அறிகுறிகளை அதை மனத்தில் வைத்தே பிரித்திருக்கிறேன்.

பசையைத் தொடுவதற்கு முன்

முதலில் விரல் சோதனை. விட்டுப்போன இடத்தைப் பெருவிரலால், ஒரு அழைப்பு மணியை அழுத்தும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். இடைவெளி முழுதாக மூடுகிறதா, பாதிதான் மூடுகிறதா, அசையவே இல்லையா என்று பாருங்கள்.

அடுத்தது காகிதம். மெல்லிய தாளில் ஒரு துண்டு வெட்டி இடைவெளிக்குள் நுழைத்து, இரண்டு பக்கமும் நகர்த்திக்கொண்டே போங்கள். தாள் எங்கே சிக்கி நிற்கிறதோ அதுவரைக்கும் பட்டை விட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது இரண்டு அங்குலம் என்றால் தாள் நான்கு அங்குலம் போகும். அந்த இரண்டு முனையிலும் சின்னதாக டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

மூன்றாவது வெளிச்சம். தந்திகளைத் தளர்த்திவிட்டு ஒலித்துளை வழியாக ஒரு சின்ன எல்இடி விளக்கை உள்ளே வைத்து, அறையை இருட்டாக்குங்கள். விளிம்பில் எங்காவது வெளிச்சக் கீற்று தெரிந்தால் பிரச்சினை பைண்டிங்கில் மட்டும் இல்லை. மேற்பலகையும் பக்கப்பலகையும் சேரும் இணைப்பே திறந்திருக்கிறது. அதற்குத் தனி வழி, பின்னால் சொல்கிறேன்.

அப்புறம் பட்டை எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். மரப் பட்டை என்றால் இழையோட்டம் தெரியும். பிளாஸ்டிக் என்றால் பழைய கிட்டார்களில் பெரும்பாலும் செல்லுலாய்டு, புதியவற்றில் ஏபிஎஸ் அல்லது பிவிசி. செல்லுலாய்டை விரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். அதில் ஐவராய்ட் என்ற வகையில் தந்தத்தில் இருப்பதுபோல மெல்லிய வரிகள் ஓடும். ஏபிஎஸ் ஒரே சீரான, உயிரில்லாத வெள்ளை. சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பைண்டிங்கில் அதைச் செய்யாதீர்கள். செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும் பொருள்.

கடைசியாகப் பூச்சு. பழைய கிட்டார்களிலும் விலை கூடிய சில புதியவற்றிலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் இருக்கும். கையால் செய்த கிளாசிக்கல் கிட்டார்களில் ஷெல்லாக் இருக்கலாம். தொழிற்சாலையில் செய்த இன்றைய கிட்டார்களில் பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர். அசிட்டோன் ஒரு சொட்டு பட்டால் லாக்கர் கரைந்துவிடும். ஷெல்லாக்குக்கு ஆல்கஹாலே போதும். பாலி வகைப் பூச்சுகள் அவ்வளவு எளிதில் அசையாது. உங்களுடையது எது என்று தெரியவில்லையென்றால் லாக்கர் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

அறிகுறி: சின்ன இடைவெளி, அழுத்தினால் முழுதாக மூடுகிறது

இதுதான் நல்ல செய்தி. பழைய பசை மட்டும் பிடி விட்டிருக்கிறது, பட்டையின் நீளம் சரியாகவே இருக்கிறது. அடி பட்டதாலோ, தொழிற்சாலையில் பசை போதாமல் விட்டதாலோ இப்படி ஆகும்.

முதல் வேலை சுத்தம். இடைவெளிக்குள் வியர்வையும் மெழுகும் பாலிஷும் போயிருக்கும். லைட்டருக்கு ஊற்றும் நாஃப்தாவைத் தாளில் தொட்டு உள்ளே விட்டு இழுங்கள். தாள் சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நாஃப்தா காய்ந்த லாக்கரைக் கரைக்காது, ஆனால் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பழைய பசை கட்டியாக நின்றால் மெல்லிய பிளேடின் முனையால் சுரண்டி எடுங்கள். பட்டை உட்காரும் காடியில் ஒரு கடுகளவு பசை நின்றாலும் பட்டை அந்த இடத்தில் மேடாக நிற்கும்.

இனி எந்தப் பசை? மரப் பட்டைக்கு மரப் பசை சரி. பிளாஸ்டிக்குக்குச் சரி வராது. வெள்ளைப் பசையும் மஞ்சள் பசையும் மரத்துக்குள் ஊறித்தான் பிடிக்கின்றன. பிளாஸ்டிக்கில் ஊற இடம் இல்லை, காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். செல்லுலாய்டு, ஏபிஎஸ் இரண்டுக்கும் இரண்டு வழி உண்டு. ஒன்று சயனோஅக்ரிலேட், அதாவது சூப்பர் க்ளூ. இன்னொன்று அசிட்டோன் கலந்த பிளாஸ்டிக் சிமெண்ட். சிமெண்ட் பட்டையின் உள்முகத்தை இளக்கி மரத்தோடு ஒட்டவைக்கும். மெதுவாகக் காய்வதால் பொருத்திப் பார்க்க நேரம் கிடைக்கும். ஆனால் வழிந்தால் லாக்கரைத் தின்றுவிடும். சின்ன இடத்துக்குச் சூப்பர் க்ளூவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

சூப்பர் க்ளூவில் தண்ணீர்போல ஓடுவது, நடுத்தரம், கெட்டி என்று வகைகள் உண்டு. தண்ணீர்போல இருப்பது இடைவெளிக்குள் தானாக ஓடிப்போகும், அது வசதி. ஆனால் மேற்பலகை ஸ்புரூஸ் என்ற வெளிர்நிற ஊசியிலை மரம் என்றால் அதன் இழைக்குள்ளும் அதே வேகத்தில் ஓடி, எண்ணெய் பட்டதுபோல நிரந்தரக் கறை விட்டுவிடும். பூச்சு உடைந்து மரம் வெளியே தெரியும் இடத்தில் இது கட்டாயம் நடக்கும். அப்படி இருந்தால் முதலில் மெல்லிய தூரிகையால் தெளிவான ஷெல்லாக்கை அந்த மரத்தின்மேல் தடவிக் காயவிட்டு, நடுத்தரப் பசையை எடுத்துக்கொள்ளுங்கள்.

பசை இல்லாமல் ஒரு ஒத்திகை பாருங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு டேப் வீதம், மேற்பலகையில் ஒரு முனையை ஒட்டி, பட்டைமேல் இழுத்து, பக்கப்பலகையில் மறுமுனையை ஒட்டுங்கள். இடைவெளி எல்லா இடத்திலும் மூடினால் சரி. அப்புறம் டேப்புகளின் ஒரு பக்கத்தை மட்டும் விடுவித்து, ஊசிமுனை பொருத்திய குப்பியால் பசையைச் சிறிதளவு உள்ளே விட்டு, ஒவ்வொன்றாக மறுபடி இழுத்து ஒட்டுங்கள். கசிந்து வரும் பசையை டேப்புக்கு அடியில் விடாதீர்கள், டேப்போடு பூச்சும் சேர்ந்து வரும். சீக்கிரம் காய வைக்கும் ஸ்பிரேயை லாக்கர் பக்கமே கொண்டுபோக வேண்டாம். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது, தானாகவே காயும். சிமெண்ட் பயன்படுத்தினால் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள்.

டேப்பை எடுப்பதில் அவசரம் கூடாது. நல்லபடியாக ஒட்டிவிட்டு, டேப்பைச் சரக்கென்று உரித்ததில் லாக்கர் செதில் செதிலாகப் போன கிட்டார்களைப் பார்த்திருக்கிறேன். ஹேர் டிரையரால் டேப்பை இளஞ்சூடாக்கி, முனையை முழுதாக மடித்து, பலகையோடு ஒட்டினாற்போல் பின்னோக்கி மெதுவாக இழுங்கள். மேல்நோக்கி இழுக்க வேண்டாம்.

அறிகுறி: இடுப்பில் விலகி நிற்கிறது, அழுத்தினாலும் மூடவில்லை

பழைய கிட்டார்களில் அதிகம் வருவது இதுதான், அதிகம் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான்.

செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள். 1870-இல் அமெரிக்காவில் ஹயட் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற கலவை அது. கற்பூரத்தைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அதே போலத்தான் பட்டைக்குள் இருக்கும் கற்பூரமும் பத்து, இருபது, ஐம்பது வருடங்களில் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. பட்டை நீளத்தில் சுருங்குகிறது. மரம் இழை ஓடும் திசையில் சுருங்குவது மிகக் குறைவு, அதனால் பக்கப்பலகையின் நீளம் அப்படியே இருக்கிறது.

சுருங்கிய பட்டை ஏன் இடுப்பில் மட்டும் விலகுகிறது? ஒரு நூலைக் கிட்டாரின் வெளிவடிவத்தைச் சுற்றி வைத்து இழுத்துப் பாருங்கள். தோள் பக்கமும் கீழே அகன்ற பக்கமும் நூல் மரத்தை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். உள்வளைந்த இடுப்பில் மட்டும் நேர்கோடாக நிமிர்ந்து மரத்தைவிட்டு விலகி நிற்கும். பட்டைக்கு நடப்பதும் அதுவே. அதைப் பலவந்தமாக உள்ளே தள்ளி ஒட்டினால் வில்லின் நாணை விரலால் அழுத்திப் பிடித்திருப்பதுபோலத்தான். எங்காவது ஓரிடத்தில் விட்டே தீரும். பசை வலுவாக இருந்தால் மரம் விடும்.

ஆகவே இங்கே வேலை ஒட்டுவதில் இல்லை. பட்டைக்கு நீளம் கொடுப்பதில் இருக்கிறது. இடைவெளி ஒரு அட்டையின் கனம்தான் என்றால், ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கி மெதுவாக உள்ளே அமர்த்தி, சூடு ஆறும்வரை பிடித்திருந்தாலே சில பட்டைகள் இணங்கிவிடும். கைவைத்தால் பொறுத்துக்கொள்ளும் சூடு போதும். தீச்சுடர், பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் இரண்டும் செல்லுலாய்டுக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. ஆறியதும் கையை எடுங்கள். பட்டை அதே இடத்தில் நின்றால் முன்சொன்னபடி ஒட்டலாம். மறுபடி எழுந்து வந்தால் அடுத்த வழிதான்.

அடுத்த வழி, இடுப்பிலிருந்து பட்டை முடியும் முனைவரை அதை விடுவிப்பது. முனைகள் இரண்டு இடத்தில் இருக்கும்: கழுத்து உடலோடு சேரும் இடம், அடிப்பக்கம் ஸ்ட்ராப் பட்டன் இருக்கும் இடம். நான் பெரும்பாலும் கழுத்துப் பக்கத்தையே எடுத்துக்கொள்வேன். தூரம் குறைவு. மேற்பலகையில் பட்டையின் முனை ஃபிங்கர்போர்டுக்கு (விரலால் தந்தியை அழுத்தும் பலகை) அடியிலும், முதுகில் ஹீலுக்கு (கழுத்து உடலோடு சேரும் தடித்த அடிப்பகுதி) பக்கத்திலும் ஒதுங்கி இருப்பதால் ஒட்டுத்துண்டு கண்ணில் படாது.

பட்டையின் இரண்டு ஓரத்திலும் பூச்சின்மேல் கூர்மையான கத்தியால் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். ஒரே அழுத்தில் வெட்டாமல், நாலைந்து முறை லேசாக. இதைச் செய்யாமல் பட்டையைத் தூக்கினால் பூச்சு கண்ணாடிபோல உடைந்து மேற்பலகைக்குள் ஓடும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, மெல்லிய வளையும் தகட்டுக் கத்தியை அடியில் நுழைத்து, முனைவரை நகர்ந்துபோங்கள். தகடு பர்ஃப்ளிங்குக்கும் பட்டைக்கும் நடுவே போகிறதா என்று ஒவ்வொரு அங்குலத்துக்கும் பாருங்கள். பர்ஃப்ளிங் கூடவே எழுந்து வந்தால் நிறுத்தி, அதைப் பின்னால் தள்ளி, மறுபடி தொடங்குங்கள். பழைய செல்லுலாய்டு காய்ந்த வாழைநார்போல ஒடியும். சூடு குறைந்த நேரத்தில் வளைக்கக் கூடாது.

முழுதாக விடுபட்டதும் காடியைச் சுத்தம் செய்து, இடுப்பிலிருந்து தொடங்கிப் பட்டையைப் படியவைத்துக்கொண்டே முனைக்குப் போங்கள். இடுப்பில் இருந்த இடைவெளி இப்போது முனையில் வந்து நிற்கும். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் இருக்கும். எத்தனை வருடச் சுருக்கம் என்பது அந்தச் சின்ன வெற்றிடத்தில் அப்படியே தெரியும்.

ஒட்டும்போதும் இடுப்பில்தான் தொடங்க வேண்டும். உள்வளைந்த இடத்தில் டேப் வேலை செய்யாது, இழுத்தால் பாலம்போல மேலே நின்றுவிடும். அந்த வளைவுக்கு ஏற்ப ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, முகத்தில் தக்கை அல்லது தோல் ஒட்டிக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்க இடுப்புக்கும் அதேபோல ஒன்று. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மெழுகுத் தாள். நீளமான கிளாம்ப் ஒன்றை இரண்டு கட்டைகளுக்கும் குறுக்கே போட்டு, இடைவெளி மூடும்வரை மட்டும் திருகுங்கள். கட்டை விளிம்போரத்தில்தான் உட்கார வேண்டும். அங்கேதான் உள்ளே லைனிங், அதாவது பலகைகளை ஒட்டுவதற்காகப் பக்கப்பலகையின் உள்விளிம்பில் ஓடும் மரச்சட்டம், தாங்கும். பக்கப்பலகையின் நடுவில் அழுத்தினால் அந்த மெல்லிய மரம் பிளந்துவிடும்.

இடுப்பு ஒரு நாள் காயட்டும். மறுநாள் அங்கிருந்து முனைவரை டேப் போட்டு ஒட்டுங்கள். கடைசியில் இருக்கும் வெற்றிடத்துக்கு அதே நிறப் பட்டையில் ஒரு துண்டை வெட்டிப் பொருத்துங்கள். புதுப் பட்டை வெளேரென்று இருக்கும், பழையது தேன் நிறமேறி இருக்கும். வேறொரு பழைய கிட்டாரின் பட்டைத் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். இணைப்புக் கோட்டை மறைக்க, செல்லுலாய்டைச் சுரண்டிய தூளை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கி நிரப்பலாம். அது காயும்போது உள்வாங்கும் என்பதால் சற்று மேடாக விட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து மட்டமாகச் சுரண்டுங்கள்.

அறிகுறி: பட்டை உதிர்கிறது, குறுக்கே வெடித்திருக்கிறது, புளித்த நெடி வருகிறது

இது சுருக்கம் இல்லை, செல்லுலாய்டு அழுகுவது. நைட்ரோசெல்லுலோஸ் சிதையும்போது அமில ஆவி வெளிவரும். பக்கத்தில் இருக்கும் ஃப்ரெட்டும் (ஃபிங்கர்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ட்யூனர்களும் (தந்தியை முறுக்கும் திருகுகள்) பச்சை பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இதை ஒட்டிப் பயனில்லை, ஒட்ட ஒட்டப் பொடியாகும். பட்டை முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அதுவரை மூடிய பெட்டிக்குள் வைக்காமல் காற்றோட்டமாக, மற்ற கிட்டார்களிலிருந்து தள்ளி வையுங்கள். அந்த ஆவி பக்கத்துக் கிட்டாரின் செல்லுலாய்டையும் கெடுக்கும்.

அறிகுறி: மரப் பட்டை எழுந்து நிற்கிறது

மரப் பட்டை சூடாக்கி வளைத்து ஒட்டப்பட்டது. அது நிமிர்ந்துவிடப் பார்க்கும் என்பதால் இதுவும் பெரும்பாலும் இடுப்பில்தான் விடும். ஆனால் நீளம் குறையாததால் வேலை சுலபம். மஞ்சள் பசையால் ஒட்டியிருந்தால் காய்ந்த பழைய பசைமேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது, சுத்தமாக மரம் தெரியச் சுரண்ட வேண்டும். வஜ்ஜிரத்தால், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையால், ஒட்டிய பழைய கிட்டார் என்றால் அதிர்ஷ்டம்: சூடான வஜ்ஜிரத்தைக் கொஞ்சம் உள்ளே விட்டாலே பழையதும் இளகிச் சேர்ந்துகொள்ளும். கட்டையும் கிளாம்ப்பும் முன்சொன்னதுபோலவே. வழியும் பசையை வெதுவெதுப்பான ஈரத்துணியால் உடனே துடைத்துவிடலாம் என்பது மரப் பசையின் பெரிய நிம்மதி.

அறிகுறி: உள்ளே விளக்கு வைத்தால் விளிம்பில் வெளிச்சம் தெரிகிறது

பைண்டிங்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பலகை லைனிங்கிலிருந்து விட்டிருக்கிறது. கீழே விழுந்ததா, வறண்ட அறையில் பல மாதம் கிடந்ததா என்று முதலில் யோசியுங்கள். வறட்சி என்றால் பலகை அகலத்தில் சுருங்கியிருக்கும், அந்த நிலையில் ஒட்டக் கூடாது. கிட்டாரைப் பெட்டியில் வைத்து, ஈரப்பதமானியில் 45 முதல் 55 சதவீதம் காட்டும்படி ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். இடைவெளி தானாகவே குறுகுவதைப் பார்க்கலாம். அதன்பிறகு மரப் பசையை மெல்லிய தகட்டால் உள்ளே தள்ளி, ஒலித்துளை வழியாகச் சின்ன ஊதுகுழலால் ஊதிப் பரப்பி, பஞ்சணை வைத்த கிளாம்ப்புகளால் பிடிக்க வேண்டும். பைண்டிங் அதற்கு அப்புறம்தான்.

இதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. பல இடத்தில் ஒரே நாளில் விட்டிருந்தால் வெயிலில் மூடிய காருக்குள் கிட்டார் கிடந்ததா என்று கேளுங்கள். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சாதாரண மரப் பசைகள் பிடி தளரத் தொடங்கும். அப்படிப்பட்ட கிட்டாரில் விளிம்பைவிட முக்கியமாக, மேற்பலகையில் தந்திகளின் முனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்கு அடியில் தாளை நுழைத்துப் பாருங்கள். அங்கே தாள் போனால் தந்தியைத் தளர்த்திவிட்டு அதை முதலில் கவனியுங்கள்.

அறிகுறி: கழுத்தின் ஓரத்தில் தந்தி சிக்குகிறது

முதல் தந்தி, அதாவது மெல்லிய ஈ தந்தி, வாசிக்கும்போது ஓரத்துக்கு நழுவி ஃப்ரெட்டின் முனைக்கும் பட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது என்றால், ஃபிங்கர்போர்டு பைண்டிங் விலகியிருக்கிறது. ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் நேராகப் பட்டையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் காரணம் வறட்சி. மரம் அகலத்தில் சுருங்கியது, உலோக ஃப்ரெட் சுருங்கவில்லை, அதன் முனை பட்டையை வெளியே தள்ளுகிறது. மறுபடியும் ஈரப்பதம்தான் முதல் மருந்து. அதற்கும் திரும்பாவிட்டால் அந்த ஃப்ரெட்டின் அடித்தகட்டு முனையை ஒரு முடியளவு குறைக்க வேண்டும். அது ஃப்ரெட்டை வெளியே எடுத்துச் செய்யும் வேலை, பழக்கமில்லாவிட்டால் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பது நல்லது. விரிசல் இல்லாமல் வெறும் விலகல் என்றால் ஒரு துளி சூப்பர் க்ளூவும் நாலு டேப்பும் போதும்.

அறிகுறி: ரொசெட்டில் துண்டு எழுந்திருக்கிறது

ஸ்புரூஸுக்கு நடுவில் பதித்த வளையம் என்பதால் இங்கே கறை பயம் இன்னும் அதிகம். எழுந்த துண்டை முழுதாகப் பிய்க்காமல், அடியில் பல்குத்தும் குச்சியின் முனையால் பசை தொட்டு வைத்து, மெழுகுத் தாள் போட்டு, ஒலித்துளை வழியாகச் சின்ன கிளாம்ப்பால் பிடியுங்கள். துண்டு தொலைந்துவிட்டதா? கருப்பு வளையம் என்றால் கருங்காலித் தூளைப் பசையில் குழைத்து நிரப்பலாம். சிப்பி வேலை என்றால் அதே கனத்தில் சிப்பித் துண்டு வாங்கி அறுத்துப் பதிப்பதுதான் முறை. விரலால் தடவினால் வழவழவென்று, மேடே இல்லாமல் ஸ்டிக்கர்போல உரிகிறதா? அது உண்மையிலேயே ஸ்டிக்கர்தான், விலை குறைந்த கிட்டார்களில் அப்படி வரும். வெதுவெதுப்பாக்கி அமுக்கிவிடுங்கள்.

அறிகுறி: பிக்கார்டின் ஓரம் சுருண்டு எழுகிறது

பிக்கார்ட் என்பது மீட்டும்போது மேற்பலகையில் கீறல் விழாமல் காக்க ஒலித்துளைக்குப் பக்கத்தில் ஒட்டும் தகடு. இதில் ஒரு எச்சரிக்கை. பழைய கிட்டார்களில் பிக்கார்டைப் பூச்சுக்கு முன்பே வெறும் மரத்தில் நேராக ஒட்டிவிடுவார்கள். அதுவும் செல்லுலாய்டுதான், அதுவும் சுருங்கும். சுருங்கும்போது மேற்பலகையைக் கூடவே இழுக்கும். பிக்கார்டின் ஓரத்தை ஒட்டினாற்போல மரத்தில் நீளமாக ஒரு வெடிப்பு ஓடும் கிட்டார்களுக்கு இதுதான் கதை. சுருண்ட ஓரம் என்பது மரம் தப்பித்துவிட்டது என்பதற்கு அடையாளம். அதைப் பசை போட்டு மறுபடி அமுக்கி ஒட்டினால் அடுத்த வெடிப்புக்கு நாமே நாள் குறித்துக் கொடுக்கிறோம். இளஞ்சூட்டில் மெதுவாகத் தகடு விட்டு முழுதாக எடுத்து, வெடிப்பு இருந்தால் ஈரப்பதம் கொடுத்து மூடி ஒட்டி, வெறும் மரத்துக்குப் பூச்சு கொடுத்து, அதன்மேல் இருபக்கமும் ஒட்டும் மெல்லிய ஃபிலிமால் பிக்கார்டைத் திரும்ப வையுங்கள். சுருங்கினாலும் அந்த ஃபிலிம் விட்டுக்கொடுக்கும், மரத்தை இழுக்காது.

அறிகுறி: ஹீல் கேப் விழுந்துவிட்டது

கழுத்தின் அடியில் இருக்கும் சின்ன மூடி இது. ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன் கழுத்தின் ஹீலுக்கும் உடலுக்கும் நடுவில் தாளை விட்டுப் பாருங்கள். தாள் உள்ளே போனால் கழுத்து இணைப்பு அசைந்ததால்தான் மூடி விழுந்தது. தந்திகள் ஃபிங்கர்போர்டிலிருந்து வழக்கத்தைவிட உயரமாக நிற்கின்றனவா என்றும் கவனியுங்கள். அப்படியானால் மூடியைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, கழுத்தைச் சரிசெய்த பிறகு ஒட்டுங்கள்.

அறிகுறி: கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் ஒரு சுரத்தில் மட்டும் அதிர்கிறது

குறிப்பிட்ட ஒரு சுரம் வாசிக்கும்போது மட்டும் எங்கோ வண்டு ரீங்கரிப்பதுபோலச் சத்தம். இன்னொருவரை அந்தச் சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிவிட்டு, விளிம்பு முழுதும் விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் சத்தம் சட்டென்று நின்றால் அதுதான் இடம். ஆள் இல்லையென்றால் நகத்தால் பட்டையைத் தட்டிக்கொண்டே போகலாம். ஒட்டியிருக்கும் இடம் "டொக்" என்று கெட்டியாகக் கேட்கும், விட்ட இடம் "டிக்" என்று மெல்லிசாக, வெற்றாகக் கேட்கும். இங்கே இடைவெளி மயிரிழைதான் இருக்கும். மரம் எங்கும் வெளியே தெரியாமல் பூச்சு முழுதாக இருந்தால், தண்ணீர்போன்ற சூப்பர் க்ளூவை இங்கே பயன்படுத்தலாம். இருபுறமும் டேப் ஒட்டி மறைத்து, நடுக் கோட்டில் ஊசிமுனையால் ஒரே ஒரு துளி வைத்துவிட்டு உள்ளே இழுக்கப்படுவதைப் பாருங்கள்.

ஒட்டிய பிறகு

ஒட்டிய பட்டை சற்று மேடாக நின்றால் உப்புத்தாளுக்குப் போக வேண்டாம், அது பக்கத்துப் பூச்சையும் சேர்த்துத் தேய்த்துவிடும். சவர பிளேடின் இரண்டு முனையிலும் ஒரு சுற்று டேப் சுற்றி, நடுவில் பட்டையின் அகலத்துக்கு மட்டும் கூர் தெரிய விடுங்கள். அதை நிமிர்த்திப் பிடித்து உங்களை நோக்கி இழுத்தால், மெல்லிய சுருள் சுருளாகப் பட்டை மட்டும் சீவப்படும். டேப் பூச்சுக்குக் காவல் நிற்கும். கத்தியால் கிழித்த கோட்டில் அதே வகைப் பூச்சை நுனித் தூரிகையால் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு தடவையும் காயவிட்டு நிரப்புங்கள்.

தந்திகளை அன்றே முழுச் சுருதிக்கு ஏற்ற வேண்டாம். ஒரு நாள் கழித்துப் பாதி, மறுநாள் முழுதும். ஏற்றியதும் முதலில் தாளை எடுத்து ஒட்டிய இடத்தில் நுழைத்துப் பாருங்கள், அப்புறம் நகத்தால் தட்டுங்கள். ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் அதே இடத்தில் தாள் போகவில்லை, தட்டினால் "டொக்" என்றே கேட்கிறது என்றால் பட்டை நின்றுவிட்டது.